இடைவேளைக்கு முன் ஒரு மவுத்து

மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையில் முகம்மது சுல்தானிடம் ஏமாந்தவர்கள் நிறைய உண்டு. ஆனால் ஏமாந்தோம் என்று வருத்தப்பட்டவர் ஒருவரும் இல்லை. அதுதான் அவருடைய தொழில் சுத்தம். விற்றவன் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே போவான். வாங்கியவன் கொள்ளை மலிவாக அமுக்கிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே போவான். நடுவில் நின்ற தரகர் சுல்தான் மட்டும் சிரிக்கமாட்டார். சிரிப்பு என்பது தரகன் வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டிய பொருள்.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. இரண்டு பேருடைய வலக்கையையும் ஒரு துண்டு மூடும். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, முழுக் கையையும் பிடித்தால் இன்னொரு கணக்கு. சுற்றி நின்று ஊரே வேடிக்கை பார்த்தாலும் ஒருவனுக்கும் ஒன்றும் விளங்காது. உள்ளே விரல்கள் கட்டிப் புரண்டு சண்டை போடும்; மேலே முகம் ஆற்றுப்பாறை மாதிரி கிடக்க வேண்டும். பேரம் படிந்து கையை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டால் முடிந்தது. காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. குலுக்கிய கையை அப்புறம் பின்னால் இழுத்தவன் வேறு ஊருக்குப் போய் வேறு தொழில்தான் தேட வேண்டும். அவன் துண்டுக்குள் அதன்பிறகு ஒருத்தனும் கையை நுழைக்கமாட்டான்.

இந்த ஆற்றுப்பாறை முகத்தைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபஸ்டின் பார்த்தான். பாளையங்கோட்டைக்காரன். சென்னையில் பல இயக்குநர்களுக்குக் குடை பிடித்துவிட்டு, இனி தனக்கே குடை பிடித்துக்கொள்வது என்று முடிவுகட்டி ஊருக்கு வந்தவன். கூடவே உதவி இயக்குநர் ஸ்வீட்லின். சுல்தானின் பேரம் முடியும்வரை இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"அண்ணாச்சி, நான் ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுக்கேன். பேரு 'கொம்பு முளைத்தவன்'. பதினாறு வயசுப் பையன் ஒருத்தனுக்கு ஆட்டோட சக்தி வந்துருது."

"ஆட்டுக்கு ஏதுலே சக்தி? சக்தி இருந்தா அது எதுக்கு இங்கன வந்து நிக்கி?"

"அது நம்ம கண்ணுக்குத் தெரியாத சக்தி அண்ணாச்சி. நீங்கதான் அந்தப் பையனுக்கு ஆசான். பாக்கதுக்குச் சாதாரணத் தரகரு. ஆனா உங்க கையில அஞ்சு விரலுக்கும் அஞ்சு சக்தி. துண்டப் போட்டு, பையன் கையப் பிடிச்சு, ஒவ்வொரு சக்தியா எறக்குதிய. இந்த மூஞ்சியத்தான் நான் ஆறு மாசமாத் தேடிக்கிட்டு அலையுதேன்."

சுல்தானின் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. உள்ளே மட்டும் நெஞ்சு குட்டியாடு மாதிரி துள்ளியது. ஆனாலும் தரகன் தரகன்தான். துண்டை எடுத்து உதறினார்.

"கையக் கொண்டா."

விரலுக்கு ஒரு நாள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத் துண்டுக்குள் நாள் கணக்கு பேசினார்கள்; துண்டுக்கு வெளியே நிபந்தனை பேசினார்கள். செவ்வாய்க்கிழமை படப்பிடிப்பு கிடையாது. தாடியில் மை பூசக் கூடாது. தொழுகை நேரத்தில் கேமரா காத்திருக்க வேண்டும். முதலில் ஆட்டுக்குத் தண்ணீர், அப்புறம்தான் மனிதருக்குக் காபி. ஜெபஸ்டின் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். சுல்தான் கேட்டது எல்லாம் கிடைத்தது. கையைக் குலுக்கினார். இப்படியொரு பேரத்தை வாழ்நாளில் முடித்ததில்லை என்று மனதுக்குள் தோளைத் தட்டிக்கொண்டார்.

ஆட்டை வாங்குமுன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. தம்பி மகன் பாசமாக வளர்த்த ஆட்டுக்குக்கூடப் பல்லைப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கதையின் வாயைப் பிளந்து பார்க்க மறந்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி ஹமீது பீவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்களா? படத்துலயா? அந்தப் பயலுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

"ஆசான் வேசம்ட்டி. பெரிய அறிவாளி."

"அப்பம் கண்ணு தெரியலதான்."

ஆனால் மீனை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவி வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி வந்து உட்கார்ந்தால் விளையாட்டு முடிந்தது என்று சுல்தானுக்குத் தெரியும்.

"போன வருசம் நெஞ்சடைப்பு வந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளத்துணியப் போத்திக்கிட்டுக் கிடந்திய. இந்தப் பக்கம் நான் நின்னுக்கிட்டு இருந்தேன். உங்க காலு ரெண்டும் துணிக்கு வெளிய தெரிஞ்சிச்சு. அது அசையுதா, அசையுதான்னே பாத்துக்கிட்டு நின்னேன். அப்படி இன்னொருவாட்டி என்னால பாக்க முடியாது. நெசத்துலயும் முடியாது, நடிப்புலயும் முடியாது. படத்துல உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆசானுக்கு என்னட்டி ஆவும்? நாற்காலியில உக்காந்து புத்தி சொல்லுவான்."

"வாக்கா?"

"வாக்கு."

அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக் குலுக்கினார். துண்டு ஒன்றுதான் இல்லை.

படப்பிடிப்பு தொடங்கியது. கதாநாயகன் குமரகுருபரன் திருநெல்வேலி டவுனில் சைவப்பிள்ளைமார் வீட்டுப் பையன், பதினொன்றாம் வகுப்பு. ஆட்டுச் சக்தி பெற்ற வீரனாக நடிக்க அவனுக்கு எல்லாப் பொருத்தமும் இருந்தது. ஆட்டைக் கண்டால் நடுங்குவான் என்பது ஒன்றுதான் குறை.

"கடிக்குமா மாமா?" என்று முதல் நாளே சுல்தானின் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டான்.

"ஏலே, நாமதான் அதைக் கடிக்கோம். அது நம்மளக் கடிச்சதா எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"எங்க வீட்டுல நாங்க கடிக்க மாட்டோம் மாமா."

"அப்பம் உனக்கு என்னலே பயம்? உன் பேருல அதுக்கு ஒரு பிராதும் கிடையாதே."

நெற்றியில் பசையை வைத்து ஒட்டிய இரண்டு கொம்போடு பையன் வெயிலில் நிற்பான். வேர்வையில் ஒரு கொம்பு கழன்று காதுக்கு வரும். ஸ்வீட்லின் ஓடிப்போய் அதை நெற்றிக்கு ஏற்றுவாள். நடிப்பென்று பார்த்தால் சுல்தானுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சந்தையில் வைத்திருக்கிற முகத்தையே இங்கும் வைத்துக்கொண்டார். "என்னா கம்பீரம்!" என்றான் ஒளிப்பதிவாளன். பையனுக்குத் துண்டுக்குள் முதல் விரலில் சுவரேறும் சக்தி இறங்கியது. இரண்டாவது விரலில் முட்டி உடைக்கும் சக்தி, மூன்றாவதில் எதைத் தின்றாலும் செரிக்கும் சக்தி, நான்காவதில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் சக்தி. எந்தக் காட்சியில் எந்த விரல் என்று கணக்கு பிசகக்கூடாது என்பதற்காக ஸ்வீட்லின் விரல் பாஷையை முழுக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்தால் தரகே பார்த்துவிடுவாள் என்று சுல்தான் பெருமையாகச் சொன்னார்.

"அஞ்சாவது விரலுக்கு என்னலே சக்தி?" என்று ஜெபஸ்டினிடம் கேட்டார்.

"யோசிச்சிக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. அது பெருசா ஏதாவது வேணும்."

மறுநாள் சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் படப்பிடிப்பு என்றிருந்த சாயங்காலம், ஸ்வீட்லின் ஒரு பெரிய பாட்டில் நிறையச் சிவப்பாக எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ள, சர்பத்தா? எனக்குச் சீனி ஆவாது, பாத்துக்கோ."

"சர்பத்துதான், ஆனா குடிக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. இது உங்க ரத்தம். நாளைக்கு வில்லன் உங்களச் சுட்டுருதான்லா?"

"சுட்டுருதானா? எங்கன சுடுதான்?"

"நெஞ்சுல."

சுல்தான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். டாக்டர் அங்கே வைத்த ஸ்டென்டுக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. நேரே ஜெபஸ்டினிடம் போனார்.

"ஏலே, ஆசான் செத்துப்போவுதானாமே?"

"ஆமா அண்ணாச்சி. இடைவேளைக்கு முன்னால. தியேட்டரே அழும் பாருங்க."

"தியேட்டரு அழட்டும். எதுக்குச் சாவணும்?"

"எந்த ஊரு சூப்பர் ஹீரோ படமா இருந்தாலும் ஆசான் இடைவேளைக்கு முன்னால செத்தாவணும். அப்பந்தான் பையன் பெரிய மனுசனாவான்."

"எனக்குத் தரகு சொல்லிக்குடுத்தது எங்க வாப்பா. அதுக்குப் பிறகு இருபது வருசம் உசுரோட இருந்து, தெனம் சந்தைக்கு வந்து, அத்தன பேருக்கு முன்னால என்னையத் திட்டிக்கிட்டு இருந்தாரு. நான் பெரிய மனுசனாவலியா?"

"அது வாழ்க்கை அண்ணாச்சி. இது படம்."

சுல்தான் பேரத்தைத் தொடங்கினார். சாவு வேண்டாம், காயம்? காயம் பத்தாது. காயத்தோடு நினைவும் தப்பிப்போனால்? அது பழசு. காலை எடுத்துவிட்டால்? ஒரு காலையா? சரி, இரண்டையும் எடுத்துக்கொள். இரண்டு காலும் இல்லாத ஆசான் நாற்காலியில்தானே இருப்பான்? ஜெபஸ்டின் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சரிலே. ஆசான் துபாய்க்குப் போயிட்டான்னு வையி."

"துபாய்க்கா?"

"எங்க தெருவுல பாதி ஆம்பள அங்கனதான் கிடக்கான். போனவன் வருசக்கணக்கா வாரதில்ல. வீட்டுல அவன் போட்டாவப் பாத்து அழுதுக்கிட்டு இருக்காவ. பையன் அழுவதுக்கு அதுவே போதும். நெஞ்சுல சுட்ட மாதிரியே இருக்கும்."

அங்கே நின்றிருந்த விளக்குப் பையன்கள்கூட யோசித்தார்கள். ஜெபஸ்டின் யோசிக்கவில்லை. பைய வந்து சுல்தானின் தோளில் கிடந்த துண்டைத் தொட்டான்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள கை குடுத்திய. ஆசான் வேசம் முழுசா முடிச்சுத் தாரேன்னு குலுக்கினிய."

அவ்வளவுதான். மறுநாள் புலர்ந்தால், ஒன்று சந்தைக்குக் கொடுத்த கையை இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஹமீது பீவிக்குக் கொடுத்த கையை இழுக்க வேண்டும். முதலாவது போனால் தொழில் போயிற்று. இரண்டாவது போனால் என்ன போகும் என்று அவர் நினைத்துப் பார்க்கவே பயந்தார். அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு ருசிக்கவில்லை. "நாளைக்கு என்ன சீனு?" என்று அவள் கேட்டதற்கு, "ஆத்துல ஒண்ணுமில்ல, சும்மா படுத்துக் கிடக்கணும்" என்றார். அது பொய்யுமில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லித்தானே கிழட்டு ஆட்டை அனுபவமுள்ள ஆடு என்று விற்றார்!

சேரன்மகாதேவியில் தாமிரபரணி அன்றைக்கு முழங்காலளவுதான் ஓடியது. அக்கரையில் நெல்வயல், இக்கரையில் கேமரா. சுல்தானை மணலில் படுக்க வைத்து நெஞ்சில் சர்பத்தை ஊற்றினார்கள். பக்கத்தில் குமரகுருபரன் கொம்போடு மண்டியிட்டான். இருவர் கையையும் துண்டு மூடியது.

"சாவுங்க அண்ணாச்சி!" என்று கத்தினான் ஜெபஸ்டின்.

சுல்தான் சாகத் தொடங்கினார். ஆனால் எளிதில் முடியவில்லை. கண்ணை மூடுவார், ஒரு கண் திறந்து ரோட்டைப் பார்க்கும். மூச்சை விடுவார், அடுத்த மூச்சு அவரைக் கேட்காமலே உள்ளே வந்துவிடும். ஜெபஸ்டின் வெட்டு, வெட்டு என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருவழியாகக் கண் இரண்டும் மூடி, பையனும் "ஆசானே!" என்று தேம்ப ஆரம்பித்த நேரத்தில், சும்மா நிற்க வேண்டிய வெள்ளாட்டுக்குச் சர்பத் வாசம் பிடித்துவிட்டது. கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து ஆசானின் நெஞ்சை நக்கியது.

ஆடு நெஞ்சை நக்கினால் செத்தவனுக்கும் கூச்சம் வரும். அரை நூற்றாண்டாகச் சந்தையில் சிரிக்காத சுல்தான் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஆட்டைக் கண்ட வீரன் ஆசானை மணலில் போட்டுவிட்டு ஆற்றுக்குள் ஓடினான். ஒரு கொம்பு தண்ணீரோடு ஸ்ரீவைகுண்டத்தைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது.

"கொம்பப் பிடிங்க! கொம்பப் பிடிங்க!" என்று ஸ்வீட்லின் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அடுத்தமுறை ஆட்டைத் தூரத்தில் கட்டினார்கள். பையனுக்கு வேறு கொம்பு ஒட்டினார்கள். சர்பத்தைப் புதிதாக ஊற்றினார்கள். இந்தமுறை சுல்தான் நன்றாகவே செத்தார். களைப்பு வேறு. கை துவண்டது, தலை சாய்ந்தது, பையன் நிஜமாகவே அழுதான். கொம்பு போய்விட்டதே என்று அழுதானோ என்னவோ. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. அந்த அமைதியில் ஒரு தூக்குச்சட்டி மணலில் விழும் சத்தம் கேட்டது.

செத்த ஆசான் எழுந்து உட்கார்ந்தார்.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஹமீது பீவி நின்றாள். காலடியில் சோறு மணலில் கொட்டிக் கிடந்தது. நேற்று அவர் சரியாகச் சாப்பிடவில்லையே என்று பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவள் கண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்க்கவில்லை. அவர் கால் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. சுல்தான் அவசர அவசரமாகக் கால்விரல்களை ஆட்டிக் காட்டினார்.

"சர்பத்துட்டி! வெறும் சர்பத்து. வேணும்னா நக்கிப் பாரு, ஆடே நக்கிச்சு!"

ஜெபஸ்டின் ஓடி வந்தான்.

"மைனி, தப்பா நெனைக்காதிய. கதைக்கு வேண்டியிருக்கு. அண்ணாச்சி இங்க செத்தாத்தான்..."

"கை குடுத்தாச்சா?" என்று அவள் கணவனைக் கேட்டாள்.

"துண்டுக்குள்ள குடுத்தாச்சு."

"எனக்கும் குடுத்தியளே."

"உனக்கும் குடுத்தாச்சு" என்றார் சுல்தான். சந்தையில் காலமெல்லாம் அடக்கி வைத்திருந்த முகம் அப்போது அவருக்குக் கட்டுப்படவில்லை. "கதைய முழுசாக் கேக்காமக் குலுக்கிட்டேன் பிள்ள. பல்லப் பாக்கல."

ஹமீது பீவி தரகர் மருமகள், தரகர் மனைவி. கொடுத்த கையை இழுக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தவர்கள் அவளை அறியாதவர்கள். மணலிலேயே உட்கார்ந்தாள். பிறகு இயக்குநரைப் பார்த்தாள்.

"தம்பி, ஆடு வாங்க வந்தவன் விலை படியலன்னா என்ன செய்யுதான்?"

"என்ன செய்யுதான் மைனி?"

"துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு, வேண்டாம்னு நடக்கான். திரும்பிப் பாக்காம நடக்கான். விக்க வந்தவன் பதறுதான். ஆனா நெசமாவா போறான்? டீக்கடை வரைக்கும் போவான், நின்னு ஒரு டீயக் குடிப்பான், திரும்பி வருவான். வரும்போது பாதி விலைக்கு ஆடு அவன் கையில இருக்கும். உன் ஆசான் தரகன்தானே? தரகனுக்கு இது தெரியாதாக்கும்? வில்லன ஏமாத்த அவன் செத்த மாதிரி கிடந்துட்டுப் போறான். பொய்யாச் சாவத் தெரியாதவன் என்ன தரகன்?"

ஜெபஸ்டின் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஸ்வீட்லின்! அஞ்சாவது சக்தி! வேண்டாம்னு நடந்து போறது! அதுதான் அஞ்சாவது விரல்!"

"ஆனா சார்," என்றாள் ஸ்வீட்லின், "உடனே எந்திரிச்சிட்டா அழுகைக்கு மதிப்பில்ல. இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச சீனுக்காவது அவரு செத்தே இருக்கணும். பையன் தனியாக் கஷ்டப்படணும்லா?"

"இருக்கட்டும்" என்றாள் ஹமீது பீவி. "எத்தன சீனு?"

"மைனி, அத நாங்க..."

"எத்தன சீனு இவிய மவுத்தா இருக்கணும்ங்கத நான் பேசணும். பாக்கப்போறது நான்." ஜெபஸ்டினிடம் கையை நீட்டுவது முறையில்லை என்பதால் ஸ்வீட்லினைத் திரும்பிப் பார்த்தாள். "ஏ பிள்ள, உனக்கு விரல் தெரியும்னு இவிய சொன்னாவ. கையக் கொண்டா."

"உனக்கு எப்படிட்டி தெரியும்?" சுல்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாப்பா சொல்லிக்கொடுத்த விரல் பாஷையை அவர் வீட்டுக்குள் ஒரு நாளும் பேசியதில்லை.

"கலியாணம் ஆன நாள்லருந்து தூக்கத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கிடா விலை பேசுதிய. படுத்துக் கிடந்த நான் என்ன செய்ய? படிச்சிக்கிட்டேன்."

கூட்டம் சிரித்தது. துப்பட்டியின் ஓரத்தை இழுத்து இரண்டு பெண்களும் கையை மூடிக்கொண்டார்கள். சிரிப்பு நின்றது.

சுல்தானுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. பேரம் நடக்கிறது, ஆனால் அவர் கை உள்ளே இல்லை. ஓரமாக நின்றுகொண்டிருந்தார், சட்டையெல்லாம் சிவப்பாக. பக்கத்தில் வெள்ளாடு. இருவரையும் ஒரே கயிற்றில் கட்டாததுதான் பாக்கி. ஸ்வீட்லின் ஒருமுறை திரும்பி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஹமீது பீவி அவரைக் கைகாட்டி, "நல்ல சரக்கு. கொஞ்சம் நெஞ்சுக் கோளாறு இருக்கு, அவ்வளவுதான். சர்வீஸ் பண்ணியாச்சு" என்றாள். இத்தனை காலமும் ஆடுகள் பேரத்தின்போது என்ன நினைத்துக்கொண்டு நின்றிருக்கும் என்று சுல்தானுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது நன்றாகத் தெரிந்தது. யாராவது வந்து தன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்களோ என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மனைவியின் முகத்தைப் படிக்கப் பார்த்தார். ஆற்றுப்பாறை. தன் முகம் வெறும் கூழாங்கல் என்று அன்றைக்குப் புரிந்தது. துப்பட்டி அசைந்தது, நின்றது, பலமாக அசைந்தது. ஒருமுறை ஹமீது பீவி சட்டென்று கையை உருவிக்கொண்டு எழுந்து, வேண்டாம் என்று பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். ஜெபஸ்டின் முகம் வெளுத்தது. "பயப்படாதலே, டீக்கடை வரைக்கும்தான் போவா" என்று கிசுகிசுத்தார் சுல்தான். சொல்லும்போதே அவரும் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார். டீக்கடை வரைக்கும் போகவில்லை. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நின்ற லாரிவரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடி துப்பட்டி. ஒரு குலுக்கல். முடிந்தது.

"எத்தனைக்குப் படிஞ்சிது?" என்றார் சுல்தான்.

"துணிக்குள்ள பேசினத வெளிய கேக்கது என்ன பழக்கம்?" என்றாள். மணலில் கிடந்த தூக்குச்சட்டியை எடுத்தாள். "போங்க. போய் நல்லபடியா மவுத்தாவுங்க. சோறு கொட்டிப்போச்சு, சீக்கிரம் செத்துட்டு வந்தா வீட்டுல போய்த் தோசையாவது சுடுவேன்."

அன்றைக்கு முகம்மது சுல்தான் செத்ததுபோல் யாரும் செத்ததில்லை என்று ஒளிப்பதிவாளன் இன்றும் சொல்கிறான். கால்விரலை மட்டும் கடைசிவரை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேமராவில் கால் தெரியாது என்று ஜெபஸ்டினும் விட்டுவிட்டான்.

ஆசான் திரும்பி வரும் காட்சியை அடுத்த மாதம் எடுத்தார்கள். அது படத்தில் எந்த இடத்தில் வரும் என்று கேட்டதற்கு ஜெபஸ்டின், ஸ்வீட்லின் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. துணிக்குள் பேசியது துணிக்குள்தான்.

படம் வெளியான முதல் நாள் பகல் காட்சிக்கு ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் பாதிக்கு மேல் சந்தைக்காரர்கள். சுல்தான் துண்டை உதறுகிறபோதெல்லாம் விசில். இடைவேளைக்கு முன்னால் வில்லன் சுட்டான். ஆசான் மணலில் சாய்ந்தார். கொம்பு முளைத்த பையன் கதறினான். தரகர்கள் கூட்டம் மூக்கைச் சிந்தியது. இடைவேளை விளக்கு எரிந்ததும் நான்கைந்து பேர் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து சுல்தானிடம் துக்கம் விசாரித்தார்கள்.

"நல்ல மனுசன் வே. இப்படி அநியாயமாப் போயிட்டீரே" என்றார் ஒருவர்.

"ஓய், போன வாரம் என் கிடாய நட்டத்துக்கு வித்தீரே, அந்தப் பாவம்தான்" என்றார் இன்னொருவர்.

சுடும்போது கண்ணை மூடிக்கொண்ட ஹமீது பீவி, இடைவேளை முடிந்து விளக்கு அணைந்த பிறகுதான் திறந்தாள். துப்பட்டிக்குள்ளிருந்து அவள் கை வந்து அவர் கையைப் பிடித்தது. மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

மூன்று! சுல்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பாதிப் படத்தில் எத்தனையோ காட்சி. அத்தனையும் செத்துக் கிடக்க வேண்டிய ஆளை மூன்றே மூன்று காட்சிக்கு அமுக்கியிருக்கிறாள். தரகில் இவளைச் சேர்த்திருந்தால் இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம். முதல் காட்சியில் பையன் சுவரேறி விழுந்தான். அவள் ஒரு விரலை விட்டாள். அடுத்ததில் பையனைத் தேடி வில்லனின் ஆட்கள் வந்தார்கள்; இன்னொரு விரல். பையன் ஆசானுடைய துண்டை முகர்ந்து பார்த்து அழுதான். மூன்றாவது விரலையும் விட்டுவிட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆசான் வரவில்லை. திரையில் பனந்தோப்பு, பையன், மழை, சோகப் பாட்டு.

"ஏலே ஜெபஸ்டின்!"

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. ஹமீது பீவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முன்வரிசையில் ஜெபஸ்டின் நாற்காலிக்குள் புதைந்தான்.

"மூணுக்குக் கை குடுத்திட்டு நாலாவதா என்னலே ஓடுது?"

"மைனி, அது பாட்டு!" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "பாட்டு சீன்ல சேராது!"

"ஆமாக்கா, பேசும்போது பாட்டப் பத்தி நீங்க கேக்கவே இல்ல!" இது ஸ்வீட்லின்.

ஹமீது பீவி நின்றபடியே யோசித்தாள். உண்மைதான். கேட்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தாள். தியேட்டர் சிரித்து முடிக்கும்வரை பக்கத்துச் சீட்டில் சுல்தான் அசையாமல் இருந்தார். அப்புறம் காதருகே குனிந்தார்.

"பல்லப் பாக்கலியோ?"

தொடையில் நன்றாக ஒரு கிள்ளு விழுந்தது. அவர் சத்தமில்லாமல் குலுங்கினார்.

பாட்டு நீண்டுகொண்டே போனது. பையன் மழையில் அங்குமிங்கும் நடந்தான். கொம்பு இந்தமுறை கழலவில்லை. துப்பட்டிக்குள் அவள் கை திரும்ப வந்தது. பிடிக்க விரல் கணக்கு எதுவும் பாக்கி இல்லையாதலால் முழுக் கையையும் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்து, மழை விட்டு, டீக்கடை வாசலில் ஒருவர் முதுகைக் காட்டி நின்று டீ குடிப்பது திரையில் தெரிந்தது. தோளில் துண்டு. கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினார்.

விசில் கூரையைத் தூக்கியது. தரகர்கள் நாற்காலிமேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார்கள். திரையில் அவ்வளவு பெரிய சுல்தான் சிரிக்காமல் நடந்து வந்தார். ஹமீது பீவி அவரைப் பார்க்காமல் கீழே திரையின் ஓரத்தையே பார்த்தாள். கால் இரண்டும் மணலைத் தள்ளிக்கொண்டு நன்றாகத்தான் வந்தன.

"விடுட்டி, எல்லாரும் பாக்காவ. நானும் ஒரு விசிலு அடிக்கணும்" என்று கையை இழுத்தார் சுல்தான்.

"குடுத்த கைய இழுக்காதிய" என்றாள் அவள்.